மெமோவில் இரண்டு வார்த்தை: இன்சலன்ட், இன்சபார்டினேட். இரண்டும் ஒன்றுதானா?

பீன்யா ஸ்டோர்ஸ்:
வணக்கம். பெங்களூரு பீன்யாவில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் 11 வருஷமாக வேலை பார்க்கிறேன். போன வியாழக்கிழமை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பேரிங் பெட்டிகள் வந்து இறங்கின. எண்ணாமலே ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடச் சொன்னார் சூப்பர்வைசர். "நாளைக்குக் குறைந்தால் யார் சார் பொறுப்பு?" என்று கேட்டேன். சுற்றிலும் பத்துப் பேர். என் சத்தம் கூடிவிட்டது, மறைக்கவில்லை. ஆனால் எண்ணி முடித்து அன்றைக்கே கையெழுத்தும் போட்டேன். சனிக்கிழமை மெமோ வந்தது. தலைப்பில் உள்ள இரண்டு வார்த்தையும் அதில் இருக்கின்றன. மகளைக் கேட்டால் ரூட், இம்பர்ட்டினன்ட் எல்லாமே மரியாதைக் குறைவுதான் என்கிறாள். செவ்வாய்க்குள் பதில் தர வேண்டும். எதை ஒத்துக்கொள்வது, எதை மறுப்பது?

அல்சூர் டீச்சர்:
தம்பி, ஒன்றே இல்லை. ரூட் என்பதற்குப் பெரியவர் சின்னவர் கணக்குக் கிடையாது. பஸ்ஸில் இடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறவரும் ரூட்தான். இம்பர்ட்டினன்ட் நம் அதிகப்பிரசங்கித்தனம். சம்பந்தமில்லாதது என்பதுதான் லத்தீன் மூலத்தில் அதன் பொருள். தனக்குத் தொடர்பில்லாத இடத்தில் வாயை விடுவது. நீங்கள் கேட்டது உங்கள் கையெழுத்தைப் பற்றி, அதனால் அது பொருந்தவே பொருந்தாது. இன்சலன்ட் என்றால் திமிர். எதிரில் இருப்பவரை மதிக்கவில்லை என்பது குரலிலும் பார்வையிலும் தெரிய வேண்டும்.

இன்சபார்டினேட் வேறு ஜாதி. அது பேச்சைப் பற்றியதல்ல, உத்தரவைப் பற்றியது. சொன்ன வேலையைச் செய்துவிட்டு ரிஜிஸ்டரை மேஜையில் வீசினால் இன்சலன்ட் மட்டும். கையைக் கட்டிக்கொண்டு, "மன்னிக்கணும் சார், செய்ய மாட்டேன்" என்றால் பணிவாகவே இன்சபார்டினேட் ஆகிவிடலாம்.

ஸ்ரீராமபுரம் பழைய யூனியன்:
டீச்சரம்மா சொன்ன பிரிவில்தான் உங்கள் வேலையே இருக்கிறது. 1946-ஆம் வருஷத்து மத்திய மாதிரி நிலையாணைகளில் (ஸ்டாண்டிங் ஆர்டர்ஸ், அதாவது தொழிலாளர்களுக்கான வேலை விதிகள்) ஒழுங்கீனம் என்று எழுதியிருந்தது, மேலதிகாரியின் சட்டப்படியான, நியாயமான உத்தரவுக்கு வேண்டுமென்றே கீழ்ப்படியாமல் இருப்பது. மூன்று சொல்லையும் கவனியுங்கள்: சட்டப்படி, நியாயம், வேண்டுமென்றே. எண்ணாத சரக்குக்குக் கையெழுத்துக் கேட்பது நியாயமா? உங்கள் கம்பெனி நிலையாணையை வாங்கி அதில் வாசகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். சத்தம் உயர்ந்ததற்கு ஒரே வரியில் வருத்தம் தெரிவியுங்கள். கீழ்ப்படியவில்லை என்பதைத் தெளிவாக மறுத்துவிடுங்கள். "எல்லாவற்றுக்கும் மன்னிக்கவும்" என்று மொத்தமாக எழுதினால் இரண்டையும் ஒத்துக்கொண்டதாகிவிடும். எத்தனை மணிக்கு எண்ணினீர்கள் என்பதற்குப் பதிவு இருக்கிறதா?

பீன்யா ஸ்டோர்ஸ்:
இருக்கிறது அண்ணா. சரக்கு இறங்கியது 5.50, கையெழுத்து 6.35. இரண்டும் ஒரே பக்கத்தில். மேடம், வாயில் வந்ததைத்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன், கையெழுத்து நேரத்தை யோசிக்கவே இல்லை. நாளைக்குக் காலையில் முதல் வேலையாக அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துவிடுகிறேன்.