மெல்லிசைக் கச்சேரிக்கு எந்த ஆம்ப் மாடலர் எடுக்கலாம்?

ஆறாங்கம்பி:
வணக்கம். மெல்லிசைக் குழுவில் லீட் கிடார் வாசிக்கிறேன். பெரும்பாலும் கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன். மேடையில் கிடாருக்கென்று ஆம்ப் கிடையாது, நேராக மிக்ஸருக்குத்தான். என்னிடம் இருப்பது பழைய மல்டி எஃபெக்ட்ஸ். டிஸ்டார்ஷன் போட்டால் தேனீக் கூட்டம் மாதிரி இரைகிறது. ஆம்ப் சத்தத்தை டிஜிட்டலாகப் போலச் செய்யும் மாடலர் ஒன்று வேண்டும். 50 ஆயிரத்துக்குள் டோன்எக்ஸ் ஒன், எச்எக்ஸ் ஸ்டாம்ப், பாட் கோ மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். செகண்ட் ஹேண்ட் என்றாலும் சரி. யூடியூபில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கிறது. எதை எடுக்கலாம்?

பழைய ஸ்ட்ராட்:
தம்பி, நானும் அதே மேடைகளில் பல வருஷமாக வாசிப்பவன், அந்த உரிமையில் சொல்கிறேன். காதை வைத்து முடிவு செய்யாதீர்கள், காலை வைத்து முடிவு செய்யுங்கள். கோரஸ் போட்ட கிளீன் ஆர்பெஜியோவில் பாட்டு ஆரம்பிக்கும். பல்லவி முடிந்ததும் இன்டர்லூடுக்கு ஓவர்டிரைவ் வேண்டும், சரணத்துக்கு மறுபடி கிளீன். இதற்கெல்லாம் குனிந்து குமிழ் திருக முடியாது.

டோன்எக்ஸ் ஒன்னில் ஆம்ப் சத்தம் அருமை. ஆனால் ஃபுட்ஸ்விட்ச் ஒன்றே ஒன்று. ஸ்டாம்பில் மூன்று. பாட் கோவில் எட்டு, கூடவே எக்ஸ்பிரஷன் பெடலும் உண்டு. 2020இல் வந்தது, அதே கம்பெனியின் பெரிய மாடலரான ஹெலிக்ஸில் உள்ள ஆம்ப் மாடல்கள்தான் இதிலும். நம் இஷ்டத்துக்கு எஃபெக்ட் வைக்க நான்கு இடம்தான் தருகிறார்கள், நம் வேலைக்கு அது போதும். ஸ்னாப்ஷாட் பழகிக்கொள்ளுங்கள், அதாவது ஒரே ப்ரீசெட்டுக்குள் (சேமித்து வைத்த ஆம்ப், எஃபெக்ட் அமைப்பு) எது ஆன், எது ஆஃப் என்பதை ஒரே மிதியில் மாற்றுவது. ப்ரீசெட் மாற்றினால் நடுவில் துளி நேரம் சத்தம் அறுபடும், ஸ்னாப்ஷாட்டில் அறுபடாது.

வாங்குவதற்கு முன்னால் உங்கள் பழைய பெட்டியில் கேப் சிமுலேஷன் (கிடார் ஸ்பீக்கர் பெட்டியின் சத்தத்தைப் போலச் செய்வது) ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். கிடார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று இறங்கிவிடும். மேடையின் பிஏ ஸ்பீக்கர் (கூட்டத்துக்குக் கேட்க வைப்பது) அதற்கு மேலே இருப்பதையும் அப்படியே கொட்டும். அந்த இரைச்சல் அங்கேயிருந்துதான் வருகிறது.

ஐஆர் பிரியன்:
என் ஓட்டு ஸ்டாம்புக்கு. கிடார் பையிலேயே போய்விடும், 3.0 அப்டேட்டுக்குப் பிறகு எட்டு பிளாக் (ஆம்ப், எஃபெக்ட் வைக்கும் இடம்) கிடைக்கிறது, ஸ்விட்ச் பத்தாவிட்டால் வெளியே இன்னொன்று மாட்டிக்கொள்ளலாம். வீட்டில் ரெக்கார்டிங் மட்டும் என்றால் செலவே வேண்டாம். ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தால் நியூரல் ஆம்ப் மாடலர் பிளக்இன் இலவசம்.

ஆறாங்கம்பி:
பார்த்தேன் அண்ணா, கேப் ஆஃப்தான். ஆன் செய்ததும் இரைச்சல் பெரும்பாலும் போய்விட்டது! ஆனாலும் ஸ்விட்ச் கணக்கைப் பார்த்தால் பாட் கோவுக்குத்தான் மனசு போகிறது. திறந்தவெளி மேடையில் ஜெனரேட்டர் ஓடும்போது வருகிற உம்ம் சத்தத்துக்கு என்ன வழி?

பழைய ஸ்ட்ராட்:
சவுண்ட்காரரை நம்பாமல் சொந்தமாக ஒரு டிஐ பாக்ஸ் (மாடலருக்கும் மிக்ஸருக்கும் நடுவில் மாட்டும் சின்னப் பெட்டி) வைத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பாஸிவ் வகை நல்லது. அதில் எர்த் இணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினால் பெரும்பாலும் உம்ம் அடங்கிவிடும். மிக்ஸரில் மைக்குகளுக்கு அனுப்பும் 48 வோல்ட் ஃபாண்டம் பவர் ஆன் ஆகியிருந்தாலும் அது உங்கள் பெட்டிக்கு வராது. ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் வாங்குங்கள். ஜெனரேட்டர் மாற்றும் நேரத்தில் கரண்ட் ஒரு கணம் போனாலும் மாடலர் முதலிலிருந்து ஸ்டார்ட் ஆகும். அதுவரை கிடார் ஊமை, பாட்டு நிற்காமல் போய்க்கொண்டிருக்கும்.

அப்புறம், ஹெட்ஃபோனில் செட் பண்ணிய டோனை அப்படியே மேடைக்குக் கொண்டு போகாதீர்கள். சத்தம் கூடும்போது நம் காதுக்கு பேஸும் ட்ரெபிளும் தூக்கலாகக் கேட்கும். லோ கட் (அதற்குக் கீழே வெட்டுவது) 100 ஹெர்ட்ஸ், ஹை கட் (அதற்கு மேலே வெட்டுவது) 6 கிலோஹெர்ட்ஸ் என்று ஆரம்பியுங்கள். சவுண்ட் செக்கில் பேண்ட் முழுசாக வாசிக்கும்போது கேட்டுக் கேட்டு மாற்றுங்கள். பிஏ பெரும்பாலும் மோனோதான், ஸ்டீரியோ டிலேக்கு நேரம் செலவழிக்க வேண்டாம்.