சிதைந்த கிரானைட் களிமண்: மொத்த அருமண் 850 பிபிஎம், கரைவது 20கூட இல்லை, ஏன்?

கேள்வி
மலைச்சாலை வெட்டில் பயோடைட் (கருப்பு மைக்கா) கிரானைட், அதன்மேல் 9 மீட்டர் சிதைவு. மேலே செம்மண், நடுவில் வெளிறிய களிமண், அடியில் கையால் நொறுக்கினாலே உதிரும் பாறை. மீட்டருக்கு ஒரு மாதிரி எடுத்து, லித்தியம் போரேட்டில் உருக்கி ஐசிபி-எம்எஸ்ஸில் (தனிம அளவு காட்டும் கருவி) பார்த்ததில் மொத்த அருமண் (லாந்தனம், சீரியம் போன்ற உலோகங்கள்) ஆக்சைடு 700–850 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). உப்புக் கரைசலில் கழுவி அருமண் எடுக்கும் தென்சீனக் களிமண்ணும் இதே அளவுதானே? ஆனால் 0.5 மோலார் அம்மோனியம் சல்பேட்டில் 20 பிபிஎம்கூடக் கரையவில்லை. 110 டிகிரியில் உலர்த்தி, 75 மைக்ரானுக்கு அரைத்திருந்தேன். தவறு எங்கே?

பதில் 1
முதலில் உலர்த்தல். ஹாலோய்சைட் (ஒரு களிக்கனிமம்) இருந்தால் 110 டிகிரியில் அடுக்குகளுக்கு நடுவே உள்ள நீர் போய், களிமண்ணின் தன்மையே மாறிவிடும். 40 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். அரைக்கவும் வேண்டாம், கட்டியைக் கையால் உடைத்து 2 மிமீ சல்லடையில் சலித்தால் போதும்.

லிட்டருக்கு 66 கிராம் அம்மோனியம் சல்பேட், நீர்த்த கந்தக அமிலத்தால் பிஎச் 4. 50 கிராம் மண்ணுக்கு 500 மிலி, அரை மணி நேரம் குலுக்கல். முடிவில் பிஎச்சை மறுபடி பாருங்கள்: 6ஐத் தாண்டியிருந்தால் கரைந்தது திரும்ப ஒட்டிக்கொண்டிருக்கும். வடித்த நீரில் உடனே 2% நைட்ரிக் அமிலம் சேருங்கள், இல்லாவிட்டால் புட்டிச் சுவர் கொஞ்சம் தின்றுவிடும்.

ஆனால் 850க்கு 20 என்ற இடைவெளியை இவை மட்டும் விளக்காது.

பதில் 2
ஆமாம், கோளாறு செய்முறையில் இல்லை, கனிமத்தில். மொத்த அளவைப் பார்த்து மயங்கக் கூடாது; அருமண் எதில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. சீனாவின் ஜியாங்சி மாநிலம் லோங்னானின் ஸுதோங் கிரானைட்டில் சின்கிசைட் போன்ற எளிதில் சிதையும் கனிமங்கள் இருந்தன. அவை கரைந்து வெளிவந்த அயனிகளைக் களிமண் பிடித்துக்கொண்டது. மோனசைட்டும் (தோரியமும் கலந்த அருமண் பாஸ்பேட் கனிமம்) ஜிர்கானும் அப்படிக் கரைவதில்லை. பாறையே மண்ணான பிறகும் மோனசைட் மணி மணியாகத் தப்பியதால்தான் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அது சேர்ந்தது.

உங்கள் அட்டவணையிலேயே இரண்டைப் பாருங்கள். தோரியம் லாந்தனத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறதா? சீரியத்தை லாந்தனத்தால் வகுத்தால் ஆழத்துக்கு ஆழம் என்ன வருகிறது?

கேள்வி கேட்டவர்
தோரியம் 70–95 பிபிஎம், லாந்தனத்தோடு கோடு போட்டதுபோல் போகிறது. விகிதம் மேலிருந்து கீழ்வரை 2 சுற்றியே.

பதில் 2
அப்படியானால் மோனசைட்தான். 2 கிலோ மண்ணைக் களி போகக் கழுவி, தட்டில் அலசுங்கள். தேன்நிற மணிகள் அடியில் தங்கும். அருமண் நகர்ந்த இடத்தில் சீரியம் ஆக்சிஜனேற்றமாகி மேலேயே நின்றுவிடும், மற்றவை கீழே இறங்கும்: விகிதம் மேலே எகிறி, கீழே 1ஐ ஒட்டி விழும். உங்களிடம் அசைவே இல்லை. இந்த வெட்டில் மேலும் காசு போடாதீர்கள்.

பதில் 1
அடுத்த இடத்துக்கு ஆய்வகம் போகுமுன் ஒரு எளிய சோதனை: கரைத்து வடித்த தெளிந்த நீரில் செறிந்த ஆக்சாலிக் அமிலம் சில துளி. வெள்ளைக் கலங்கல் வராவிட்டால் அந்த மாதிரியை விட்டுவிடலாம். வந்தால் அருமண் என்று முடிவு கட்டாதீர்கள், கால்சியமும் அதே வெள்ளைதான். காய்ச்சி வடித்த நீர் மட்டும் பயன்படுத்துங்கள். போர்வெல் தண்ணீரில் கலக்கினால் மண்ணே போடாமலும் வெளுக்கும். மண் போடாத கரைசலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.