பெரியப்பா உயில்ல என்னை எக்ஸிகியூட்டரா போட்டுட்டார். கடலூர்ல வீடு, பாகூர் பக்கம் மனை. எந்தக் கோர்ட்டுக்குப் போகணும்?

கேள்வி: கெடிலக்கரைக்காரி

வணக்கம். நான் பண்ருட்டியில ஒரு முந்திரிக் கம்பெனியில கணக்கு எழுதுறேன், வீடு செம்மண்டலம். எங்க பெரியப்பா தைப்பூசம் முடிஞ்ச வாரம் ஜிப்மர்ல இறந்துட்டார். பெரியம்மா அவருக்கு முன்னாடியே போயிட்டாங்க. பிள்ளை இல்லை. எங்க அப்பாவும் இப்ப இல்லை. அவர் கூடப் பொறந்ததுல மிச்சம் இருக்கிறது அத்தையும் சித்தப்பாவும்தான்.

பீரோவுல பென்ஷன் புக்குக்கு அடியில உயில் கிடைச்சது. லெட்ஜர் தாள் ரெண்டு, ஊதா மசி, அவர் கைப்பட எழுதினது. அடிச்சு எழுதின இடத்துல எல்லாம் பக்கத்துலயே சின்னக் கையெழுத்து போட்டிருக்கார். பதிவு பண்ணலை. மஞ்சக்குப்பம் வீடு அத்தைக்கு. புதுச்சேரி எல்லைக்குள்ள கிருமாம்பாக்கத்துல இருக்கிற மனை எனக்கு. பேங்க் டெபாசிட்ல ரெண்டு லட்சம் அவருக்கு சமைச்சுப் போட்ட அம்மாவுக்கு, மீதி வடலூர் தருமசாலை அன்னதானத்துக்கு. சித்தப்பாவுக்கு கைக்கடிகாரமும் ஸ்கூட்டரும். கடைசியில, "இதை நிறைவேற்ற என் தம்பி மகளை நியமிக்கிறேன், அவள் கணக்கு சரியாக இருக்கும்"னு ஒரு வரி. அந்த ஒரு வரியாலதான் இப்ப நான் அலையுறேன்.

டெபாசிட்டுக்கு நாமினி சித்தப்பா. "நாமினி நான், பணம் என்னுது, பொட்டப்புள்ள கையில எதுக்கு இந்த வேலை"ன்னு கருமாதி அன்னிக்கே பந்தலுக்குள்ள நின்னு சொல்லிட்டார். பேங்க்ல கேட்டா "புரொபேட் (உயில் மெய்யானதுன்னு கோர்ட் தர்ற சான்று) கொண்டாங்க"ங்கிறாங்க. டைப்பிங் சென்டர்ல ஒருத்தர் "கடலூருக்கு புரொபேட்டே வேணாம்மா"ங்கிறார். யார் சொல்றது சரி?

சாட்சி ரெண்டு பேர். ஒருத்தர் தெருமுனை இஸ்திரிக் கடைக்காரர், கொரோனாவுல தவறிட்டார். இன்னொருத்தர் ரிட்டயர்டு போஸ்ட்மேன், எண்பது தாண்டியாச்சு, நெய்வேலியில மகன் வீட்ல இருக்கார். உயில் எழுதினப்ப நான் பக்கத்துலயே இல்லை, இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது.

பதில்: வேப்பூர் வேகம்

எதுக்கு இவ்ளோ டென்ஷன்? தாலுகா ஆபீஸ்ல வாரிசு சான்றிதழ் வாங்குங்க, எல்லாம் முடிஞ்சிடும். எங்க வீட்ல அப்படித்தான் பண்ணோம்.

பதில்: ஓய்வுபெற்ற சிரஸ்தார்

மேலே சொன்ன தம்பி கோவிச்சுக்கக் கூடாது. வாரிசு சான்றிதழ் யார் யார் வாரிசு என்று சொல்லும் காகிதம். யாருக்கு எந்தச் சொத்து என்று அது சொல்லாது. இவர்கள் விஷயத்தில் அந்தச் சான்றிதழில் வரப்போவது அத்தையும் சித்தப்பாவும்தான். உயில் இல்லை என்று வைத்துக்கொண்டால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர்கள் இருவருக்கும் சரிபாதி, தகப்பனார் முன்பே இறந்துவிட்டதால் இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் கிடையாது. சித்தப்பா ஏன் உயிலை விரும்பவில்லை என்பது இதிலேயே புரிகிறது.

அம்மா, நான் ஜில்லா கோர்ட்டில் கட்டுக்கட்டாக ஓ.பி. (அசல் மனு) பார்த்தவன், வக்கீல் இல்லை. வழி சொல்கிறேன், மனு எழுதுவதை வக்கீலிடம் விடுங்கள்.

டைப்பிங் சென்டர்காரர் சொன்னது சட்டப்படி சரி. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-இல் 213-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. இந்துக்கள் எழுதும் உயிலைப் பொறுத்தவரை சென்னை, பம்பாய் ஹைகோர்ட்டுகளின் அசல் எல்லை (அவை நேரடியாக வழக்கு எடுக்கும் நகரப் பகுதி), பழைய வங்காள மாகாணம் ஆகிய இடங்களில் எழுதினாலோ, அங்கே சொத்து இருந்தாலோதான் புரொபேட் கட்டாயம். கடலூர் அதில் வராது. புதுச்சேரி அன்றைக்கு பிரெஞ்சுக்காரன் கையில், அதுவும் வராது. அந்தப் பிரிவையே 2025 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். ஆகவே இன்றைக்கு சென்னையில் வீடு இருந்தாலும் அந்தக் கட்டாயம் இல்லை.

கட்டாயம் இல்லை என்றால் தேவையே இல்லை என்று ஆகிவிடாது. புரொபேட் என்பது "இந்த உயில் மெய்யானது, இன்னாருக்கு இதை நிறைவேற்ற அதிகாரம் உண்டு" என்று கோர்ட் முத்திரை போட்டுக் கொடுப்பது. அது எல்லோரையும் கட்டுப்படுத்தும், சித்தப்பாவை மட்டும் அல்ல. எல்லோரும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போடும் குடும்பமாக இருந்தால் நானே உங்களை கோர்ட் பக்கம் போகாதே என்று சொல்வேன். பந்தலுக்குள் நின்று பேசியவர் பட்டா மாறுதலுக்குக் கையெழுத்துப் போட மாட்டார். அவர் ஆட்சேபித்தால் தாசில்தார் "கோர்ட்டுக்குப் போங்கள்" என்பார். அதை இப்போதே செய்துவிடுவது மேல்.

இனி எந்தக் கோர்ட். பெரியப்பா கடைசியாகக் குடியிருந்தது கடலூர், ஆகவே மஞ்சக்குப்பம் ஜில்லா கோர்ட்டில் மனு போடலாம். சிக்கல் அந்த மனையில் இருக்கிறது. ஜில்லா ஜட்ஜ் கொடுக்கும் புரொபேட் அந்த மாநிலத்துக்குள்தான் செல்லும். வெளி மாநிலத்தில் உள்ள சொத்து பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போகாது என்று அவரே சான்று கொடுத்தால் மட்டும் அங்கேயும் செல்லும். 273-ஆம் பிரிவு. கிருமாம்பாக்கத்தில் பத்தாயிரத்துக்கு ஒரு சென்ட் கிடைக்குமா? பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி கன்னியக்கோயில் போனால் பெட்ரோல் விலை மாறுகிற மாதிரி ஜட்ஜின் அதிகாரமும் மாறிவிடுகிறது. யூனியன் பிரதேசம் இதற்குத் தனி மாநிலக் கணக்கு.

ஆக இரண்டு வழி. கடலூரில் ஒன்று, புதுச்சேரியில் ஒன்று என்று இரண்டு மனு. அல்லது நேராக சென்னை ஹைகோர்ட். ஹைகோர்ட் கொடுத்தால் எல்லா மாநிலத்திலும் செல்லும், ஜில்லா ஜட்ஜுக்கு உள்ள அதிகாரம் அதற்கும் உண்டு. அலைச்சலைப் பார்த்தால் கடலூர்தான் சுகம். ஆனால் இரண்டு இடத்தில் அதே போஸ்ட்மேனைக் கூண்டேற்றுவதை நினைத்துப் பாருங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஹைகோர்ட்தான்.

நாமினி விஷயம். பேங்க் நாமினியிடம் கொடுத்தால் பேங்கின் பொறுப்பு தீர்ந்தது, அவ்வளவுதான். பணம் நாமினிக்குச் சொந்தம் ஆகாது, உயில்படி யாருக்கோ அவர்களுக்குத்தான். இன்ஷூரன்ஸ் பணத்தில் சுப்ரீம் கோர்ட் 1983-இலேயே இதைச் சொல்லிவிட்டது. ஷேர் விஷயத்திலும் 2023-இல் அதையே சொன்னது. ஆனால் நீங்கள் பேங்குக்கு எழுதும் கடிதத்துக்காக அவர்கள் பணத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்பதில்லை, கோர்ட் உத்தரவு வந்தால்தான் நிறுத்துவார்கள். மனு போடும்போதே இடைக்கால உத்தரவு கேட்கச் சொல்லுங்கள்.

சாட்சி இருவரில் ஒருவர் உயிரோடு இருப்பது போதும். மனுவோடு அவருடைய சரிபார்ப்பும் (உயிலில் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன் என்ற உறுதிமொழி) வேண்டும், பிறகு வாக்குமூலம். வயதானவர், வர முடியாது என்றால் கோர்ட் ஆணையரை வீட்டுக்கு அனுப்பி விசாரிக்கச் சொல்லிக் கேட்கலாம். இதில் மட்டும் தாமதிக்காதீர்கள்.

உயிலால் உங்களுக்கும் மனை கிடைக்கிறது, நீங்களே எக்ஸிகியூட்டர். அதில் தப்பில்லை. ஆனால் லாபம் அடைகிறவர் உயில் எழுதுவதில் முன்னே நின்று கைகொடுத்தாரா என்று கோர்ட் கட்டாயம் பார்க்கும். எழுதும்போது நீங்கள் அங்கே இல்லை என்றீர்களே, அது உங்களுக்குப் பெரிய பலம். போஸ்ட்மேன் வாயால் அது வரட்டும்.

இன்னொன்று, உயிலை லேமினேட் பண்ணிவிடாதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக்கில் போட்டுக் கொண்டுவந்து, மசியைச் சோதிக்க முடியாமல் நிற்பவர்கள் உண்டு. ஸ்டேப்லர் முள்ளையும் பிடுங்காதீர்கள். கூடுதலாக ஓட்டை இருந்தாலே "இன்னொரு தாள் இருந்ததா" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். கலர் நகல் நாலு எடுத்து வையுங்கள், அசல் கோர்ட்டிலேயே தங்கிவிடும்.

பதில்: பாகூர் ஏரிக்கரை

சிரஸ்தார் ஐயா சொன்னதுக்கு மேல மனையைப் பத்தி மட்டும் சொல்றேன். தமிழ்நாட்டு வெப்சைட்ல அந்த மனையைத் தேடாதீங்க, வராது. எங்க பக்கம் நில ஆவணத்துக்கு நிலமகள்னு தனி வெப்சைட். வில்லங்கமும் பாகூர் சார்பதிவாளர் ஆபீஸ்ல தனியா எடுக்கணும். தாய்ப்பத்திரம் 1954-க்கு முந்தினதா இருந்தா பிரெஞ்சுல நொத்தேர் (அந்தக் காலத்துப் பத்திர நோட்டரி) எழுதினதா இருக்கலாம். அப்படின்னா மொழிபெயர்ப்பு எடுத்து வெச்சுக்கங்க.

ஜிப்மர்ல இறந்ததால இறப்புச் சான்றிதழ் உழவர்கரை நகராட்சி. கடலூர் மாநகராட்சியில தேடிட்டு வராதீங்க, சாவு நடந்த ஊர்லதான் பதிவு.

உங்க பெரியப்பா பரம்பரையா ரெனோன்சானா இருந்திருந்தா கதையே வேற. 1881 ஆணைப்படி சொந்த ஜாதி வழக்கத்தை விட்டு பிரெஞ்சு சிவில் கோடுக்கு மாறின குடும்பங்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது. நீங்க கடலூர்க்காரங்கன்னு சொல்றதால அந்தப் பயம் இல்லை.

கெடிலக்கரைக்காரி

ரொம்ப நன்றி ஐயா. லேமினேட் பண்ண இன்னிக்குத்தான் எடுத்து வெச்சிருந்தேன், நல்லவேளை.

இன்னும் ரெண்டு. சித்தப்பா கருமாதிச் செலவுன்னு மூணரை லட்சத்துக்கு ஒரு லிஸ்ட் அனுப்பியிருக்கார். அதுல பந்தல், பாத்திரம், ஐயர் தட்சணை எல்லாம் சரி, அவங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு எடுத்த புதுத்துணியும் இருக்கு. "இதை முதல்ல எஸ்டேட்ல இருந்து கொடு, அப்புறம் பேசு, இல்லேன்னா கேவியட் (கோர்ட்ல ஆட்சேபணை) போடுவேன்"ங்கிறார். ரெண்டாவது, சமையல் அம்மாவுக்கு கடைசி ரெண்டு மாசச் சம்பளம் பெரியப்பா ஆஸ்பத்திரியில இருந்ததால கொடுக்கவே இல்லை. அவங்க கேட்கவும் இல்லை. "அதான் ரெண்டு லட்சம் எழுதியிருக்காரே"ன்னு அத்தை சொல்றாங்க.

பதில்: ஓய்வுபெற்ற சிரஸ்தார்

கணக்கு எழுதுகிறவரிடம் இதைச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் வரிசையைச் சட்டமே போட்டுவைத்திருக்கிறது. முதலில் இறந்தவருடைய நிலைக்குத் தக்க ஈமச் செலவு. அதோடு கடைசிக் கால வைத்தியச் செலவும், சாவதற்கு முந்தின ஒரு மாதத்து உணவு, தங்குமிடச் செலவும். அடுத்து புரொபேட் வாங்கும் செலவு. அதற்கும் அடுத்து கடைசி மூன்று மாதத்துக்குள் அவருக்கு வேலை செய்த கூலியாள், வீட்டு வேலைக்காரர் சம்பளம். மற்ற கடன் எல்லாம் இதற்குப் பிறகு. உயிலில் எழுதிய கொடை கடைசி.

ஆக அத்தை சொல்வது சரியில்லை. சம்பளம் கடன், ரெண்டு லட்சம் கொடை. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் கழித்துக்கொள்ள முடியாது, உயிலில் அப்படி எழுதியிருந்தால் ஒழிய. அந்த அம்மாவுக்கு இரண்டும் உண்டு. வாயைத் திறந்து கேட்காதவர்களுக்குத்தான் எக்ஸிகியூட்டர் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

சித்தப்பாவிடம் பில் கேளுங்கள், மரியாதையாக எழுத்தில். பந்தலும் சாப்பாடும் சமையல்காரர் கூலியும் ஈமச் செலவில் வரும். பிள்ளைகளின் புதுத்துணி என் பார்வையில் வராது. கோர்ட்டுக்குக் கொடுக்கும் மதிப்பீட்டில் சொத்து ஒரு பட்டியல், கடனும் ஈமச் செலவும் இன்னொரு பட்டியல். அதில் நியாயமானதை நீங்களே ஏற்றிவிட்டால் அவருக்குப் பேச்சு குறையும்.

கேவியட் போடட்டுமே. போட்டால் மனு வழக்காக மாறும், ஹைகோர்ட்டில் டி.ஓ.எஸ். (உயில் வழக்கு) நம்பர் விழும், சாட்சி விசாரணை நடக்கும். நாள் இழுக்கும், அவ்வளவுதான். அவர் எதைக் கேள்வி கேட்பார்? கையெழுத்தா, மனநிலையா, உங்கள் தலையீடா? பெரியப்பா கைப்பட எழுதி, அடித்த இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதே காலத்துப் பென்ஷன் வாழ்வுச் சான்று, பேங்க் செலான் என்று அவர் கையெழுத்து உள்ள தாள்களைச் சேர்த்து வையுங்கள்.

இறந்த பிறகு பென்ஷன் வரவாகியிருந்தால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். ஏ.டி.எம். கார்டு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள், யாரும் எடுக்க வேண்டாம். புரொபேட் கிடைத்த ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஒரு வருடத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் கோர்ட்டில் கொடுக்க வேண்டும். அதற்கு உங்களைவிட ஆள் யார்? தருமசாலைக்கும் அந்த அம்மாவுக்கும் கொடுப்பதற்கு இறந்த நாளிலிருந்து ஒரு வருடம் வரை உங்களை யாரும் நெருக்க முடியாது. முதலில் கடன் முடியட்டும்.

கெடிலக்கரைக்காரி

சரிங்க ஐயா. ஏ.டி.எம். கார்டு சித்தப்பா மகன்கிட்ட இருந்தது, இன்னிக்கு வாங்கிட்டேன். பாஸ்புக் என்ட்ரி போட்டா தெரியும். ஞாயித்துக்கிழமை நெய்வேலி போறேன். போஸ்ட்மேன் தாத்தா சரிபார்ப்புல அங்கேயே நோட்டரி முன்னால கையெழுத்து போட்டா செல்லுமா, இல்லை சென்னைக்கே வரணுமா?

பதில்: ஓய்வுபெற்ற சிரஸ்தார்

நோட்டரி முன்னால் போதும். வாசகத்தை முதலில் வக்கீலிடம் வாங்கிக்கொண்டு போங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள். உயிலில் அவர் எந்தப் பெயர், எந்த இனிஷியல் போட்டிருக்கிறாரோ அதே மாதிரி எழுத வேண்டும். ஆதாரில் வேறு மாதிரி இருந்தால் நடுவில் "என்கிற" போட்டு இரண்டு பெயரையும் எழுதிவிடுங்கள்.