சால்மனுக்கு ஜிக்: ஃப்ரேசர் ஆற்று ஓதத்தில் எங்கே, எப்போது, எப்படி

கேள்வி

வான்கூவர் பக்கம் சர்ரேக்குக் குடிவந்து நாலு மாசம் ஆகிறது. அக்டோபரில் ஆற்றோரம் ஜிக், அதாவது தலையில் கனம் வைத்த செயற்கை இரை முள், போட்டு கோஹோ என்கிற வகைச் சால்மன் பிடிக்கலாம் என்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் தங்கூசியில் மண்புழு கோத்துக் குளத்தில் போடுவதுதான். என்ன வாங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும், என்ன லைசென்ஸ் எடுக்க வேண்டும்? விவரம் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

பதில்

தம்பி, கடைக்குப் போகும் முன் ஒன்று மனதில் பதியட்டும். ஜிக் மேலே எழும்பும்போது சால்மன் கவ்வுவது குறைவு. அது தலைகுப்புறக் கீழே விழும்போதுதான் பெரும்பாலும் கவ்வும். அதனால் ஜிக் நிதானமாக விழ இடம் கொடுக்கிற தண்ணீர் வேண்டும். நீங்கள் கரையோரம் சாவகாசமாக நடக்கும் வேகத்துக்கு மேல் ஓடுகிற தண்ணீரில் ஜிக் விழாது, அடித்துக்கொண்டு போகும். ஓதம், அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற வற்றம், ஏறி இறங்கும் ஆற்றில் அந்த மெதுவான தண்ணீர் ஒரே இடத்தில் நாள் முழுக்க இருக்காது. எந்த நேரத்தில் எங்கே கிடைக்கும் என்று பார்ப்பதுதான் பாதி வேலை.

ஃப்ரேசரின் பெரிய ஓட்டத்தில் ஜிக் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். வண்டல் கலந்த கலங்கல் தண்ணீர், மீனுக்கு ஜிக் கண்ணில் படாது. அங்கே மணல் திட்டில் நின்று, கனமான ஈயம் கட்டி, சுழலும் மிதவைத் தூண்டிலைப் போட்டுக் காத்திருப்பார்கள். அது வேறு வித்தை. ஜிக்குக்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும். பிட், ஸ்டேவ் மாதிரி கிளை ஆறுகள் ஃப்ரேசரில் வந்து சேரும் வாய்ப்பக்கம், கழிமுகத்துக் கிளைக் கால்வாய்கள், வளைவுகளின் உள்பக்கம் தேங்கும் ஆழமான மடு, இங்கேதான் தேட வேண்டும்.

ஏற்றத்தின் போது கடல் தள்ளிக்கொண்டு வர, ஆற்றின் ஓட்டம் தளர்ந்து, மழை குறைந்த நாட்களில் தலைகீழாகவே ஓடும். பிட் ஏரியைப் பாருங்கள். ஆறு வெளியேறும் கீழ்முனையில்தான் அந்த ஏரியின் டெல்டா இருக்கிறது. காரணம், ஏற்றம் ஃப்ரேசரின் வண்டலைப் பிட் ஆறு வழியாக மேல்நோக்கிக் கொண்டுபோய் ஏரியில் கொட்டுகிறது. மீனும் அந்தத் தள்ளலோடு ஏறி வந்து, ஓட்டம் ஓய்ந்த இடங்களில் சற்று நிற்கும். ஏற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரம், ஏறாமலும் இறங்காமலும் தண்ணீர் நிற்கும் நிலை நீர், வற்றம் தொடங்கிய முதல் ஒரு மணி நேரம். புதிதாகத் தொடங்குகிறவர் இந்த இடைவெளிக்குக் கணக்குப் போட்டுப் போனால் போதும். இது விடியற்காலையோடு சேர்ந்து வரும் நாள் கிடைத்தால் தூக்கத்தை விடலாம், கோஹோ வெளிச்சம் குறைந்த நேரத்தில்தான் துணிந்து கவ்வும்.

ஓத அட்டவணையில் எல்லாரும் இரண்டு தவறு செய்வார்கள். ஒன்று, கடலோர நிலையத்தின் நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்வது. ஆற்றுக்குள் மேலே போகப் போக ஓதம் தாமதமாகும். ஆற்றோர நியூ வெஸ்ட்மின்ஸ்டர் நேரமும் கடலோரப் பாயிண்ட் அட்கின்சன் நேரமும் ஒன்றல்ல, உங்கள் இடத்துக்கு மிக அருகில் இருக்கும் நிலையத்தைப் பாருங்கள். இன்னொன்று, அரசின் அச்சிட்ட அட்டவணை பசிபிக் நிலை நேரத்தில் (Pacific Standard Time) இருக்கும். உங்கள் கடிகாரம் அதைவிட ஒரு மணி நேரம் முன்னே இருந்தால் அதனோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். கூட்டாமல் போனால் நிலை நீருக்கு வந்ததாக நினைத்துக்கொண்டு வேறு தண்ணீரில் நிற்பீர்கள்.

சாமான்கள்: ஏழரை முதல் எட்டு அடி நீள ஸ்பின்னிங் ராடு, நுனி விறைப்பாக இருக்கட்டும். துவளும் ராடில் நீங்கள் கொடுக்கும் சுண்டு ஜிக்குக்குப் போய்ச் சேராது. 2500 அல்லது 3000 அளவு ரீல். 20 பவுண்டு பிரெய்டு, அதாவது பின்னிய நூல், அதன் முனையில் ஜிக்கோடு சேரும் லீடராக 12 பவுண்டு தங்கூசி ஒரு மீட்டர். பிரெய்டுதான் வேண்டும், நைலான் நூல் இழுபட்டுக் கொடுக்கும், கடி கைக்குத் தெரியாது. இரண்டையும் இரட்டை யூனி முடிச்சால் சேருங்கள். ஜிக்கை இறுக்கிக் கட்டாமல் சுருங்காத வளைய முடிச்சுப் போடுங்கள், வளையத்துக்குள் அது தாராளமாக ஆடித் தலைகுப்புற விழும்.

ஜிக் 3/8 அவுன்ஸ், அதாவது பத்து கிராம் சொச்சம், முள் 2/0 அளவு. இதில் நாலைந்து வாங்குங்கள். ஆழம் குறைந்த நிலை நீருக்கு 1/4 அவுன்ஸ் இரண்டு, ஓட்டம் கூடினால் போட 1/2 அவுன்ஸ் இரண்டு. முயல் தோல் கீற்றோ மரபூ இறகோ கட்டியது. நிறத்துக்கு ரொம்ப மண்டையை உடைக்க வேண்டாம். மங்கலான வெளிச்சத்துக்குக் கறுப்பும் நீலமும் அல்லது ஊதா, வெயில் ஏறினால் பிங்க். வால் முள்ளைத் தாண்டி மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நீண்டிருந்தால் கத்தரித்துவிடுங்கள். மீன் வாலை மட்டும் கவ்வி விட்டுவிடும், வெறும் தட்டல்தான் மிஞ்சும்.

முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்னக் கூர் இருக்கக் கூடாது, இது சட்டம். குறடால் மெதுவாக, இரண்டு மூன்று அழுத்தில் நசுக்குங்கள். ஒரே அடியில் நசுக்கினால் மலிவான முள் நுனியோடு முறிந்துவிடும். பிறகு ஒரு பருத்தித் துணியில் குத்தி வெளியே இழுங்கள். நூல் ஒன்றும் மாட்டாமல் வந்தால் சரி, மாட்டினால் இன்னும் நசுக்க வேண்டும்.

இனி வீச்சு. ஓட்டத்துக்குக் குறுக்கே வீசி, ஜிக் தண்ணீரைத் தொட்டதும் எண்ணத் தொடங்குங்கள். நூல் தளர்ந்து படுத்தால் அடியைத் தொட்டுவிட்டது. ஆறு எண்ணுவதற்குள் தொட்டது என்று வைத்துக்கொள்வோம். ராடு நுனியை மணிக்கூட்டின் ஒன்பதிலிருந்து பதினொன்றுக்கு ஒரு சுண்டு, மணிக்கட்டால். கையை முழுக்கத் தூக்கி இழுக்கக் கூடாது. உடனே நுனியைப் பழையபடி இறக்கிக்கொண்டே ரீலை ஒரு சுற்று அல்லது ஒன்றரைச் சுற்று. ஜிக் விழுகிற அந்த ஒரு விநாடி நூல் விறைப்பாகவும் இருக்கக் கூடாது, தொய்ந்து வளையமாகவும் கிடக்கக் கூடாது. விறைத்தால் ஜிக் விழாமல் ஊசலாடி உங்கள் பக்கம் வரும், தொய்ந்தால் கடித்தது தெரியாது. சுண்டு, இறக்கு, சுற்று. இந்தத் தாளம் கைக்கு வந்ததும் பார்வை நூல் தண்ணீருக்குள் நுழையும் புள்ளியிலேயே இருக்கட்டும். நூல் ஓரமாக ஒரு விரற்கடை நகர்ந்தாலும், விழ வேண்டியது பாதியில் நின்றாலும், அடுத்த சுண்டு பஞ்சில் அடித்த மாதிரி மொத்தென்று இருந்தாலும் ராடைச் சட்டென்று தூக்கி முள்ளைக் குத்த வையுங்கள். "கடிச்சிருக்குமா?" என்று யோசித்து முடிப்பதற்குள் அது துப்பியிருக்கும்.

எண்ணிக்கையை விடாதீர்கள். அதே இடத்தில் ஆறுக்குத் தொட்டது ஒன்பதுக்குத் தொட்டால் தண்ணீர் ஏறியிருக்கிறது அல்லது ஓட்டம் நூலை வளைக்கிறது. 1/2 அவுன்ஸ் போட்டும் அடி தெரியவில்லை என்றால் மேலும் கனம் சேர்க்காதீர்கள். இடத்தை மாற்றுங்கள், இல்லையென்றால் தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஓதம் மாறக் காத்திருங்கள்.

பதில்

அண்ணா சொன்னது எல்லாம் சரி. நான் சட்டத்தையும் மீனையும் பற்றிச் சொல்லுறன், புதுசா வந்த ஆக்கள் அதிலதான் மாட்டுப்படுறவை.

ஃப்ரேசரில் மிஷன் ரயில் பாலம்தான் எல்லை. பாலத்துக்குக் கீழே ஓத நீர், மத்திய மீன்வளத் துறையின் லைசென்ஸ் வேணும். மேலே போனால் மாகாணத்தின் நன்னீர் லைசென்ஸ். கிளை ஆறுகளுக்கு எல்லை தனித்தனி, விதிகளை ஒவ்வொன்றாப் பாருங்கோ. தண்ணி ஏறி இறங்குது, அதால ஓத நீர் லைசென்ஸ் போதும் எண்டு நினைச்சிடாதேங்கோ, ஓதம் சட்டத்தின் கோட்டையும் தாண்டி மேலே போகும். சால்மனைக் கொண்டுபோக இரண்டு லைசென்சுக்கும் சால்மன் முத்திரை கூடுதலா வாங்கவேணும். ஓத நீர் லைசென்ஸ் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரைக்கும். 16 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு அது இலவசம், ஆனா எடுத்திருக்கத்தான் வேணும். மாகாண லைசென்சில் உள்ளூர்க் கட்டணம் கிடைக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இருக்கிறதோட, 12 மாதத்தில் 6 மாதம் இங்க வாழ்ந்திருக்கவும் வேணும். உங்களுக்கு நாலு மாசம்தானே, கட்டணப் பிரிவைப் பிழையாத் தெரிவு செய்யாதேங்கோ.

வெளிக்கிடுற அண்டைக்குக் காலமை மீன்வளத் துறையின் அறிவித்தலைக் கட்டாயம் பாருங்கோ. இலையுதிர் காலத்தில் ஆற்றின் மேற்பகுதிக்குப் போற ஸ்டீல்ஹெட் எண்ட ட்ரவுட் மீனைக் காப்பாற்ற ஆற்றின் பகுதிகளை வாரக்கணக்கில் மூடுவினம். போன கிழமை திறந்திருந்தது எண்டது ஒரு கணக்கில்லை. முதல் குடிகளின் வலைகளைக் கண்டு "எங்களுக்கு மூடிப்போட்டு அவைக்கு மட்டும் திறக்கிறாங்கள்" எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம். உணவுக்கும் சடங்குக்கும் மீன் பிடிக்கிற அவையின் உரிமைக்கு, மீன்வளப் பாதுகாப்புக்கு அடுத்தபடியா முதலிடம் எண்டு கனடா உச்ச நீதிமன்றம் 1990 இல் ஸ்பாரோ வழக்கில் தீர்த்தது. அந்த வழக்கே ஃப்ரேசர் ஆற்றில் மஸ்குவியம் எண்ட முதல் குடி மக்களின் வலையில் தொடங்கினதுதான்.

கோஹோ, சினூக், பிங்க், சம் எல்லாம் சால்மன் வகைகள்தான்; எது எண்டு அடையாளம் காண முதலில் வாயைத் திறந்து ஈறைப் பாருங்கோ. கோஹோவுக்கு ஈறு வெள்ளை, வாலின் மேல் பாதியில் மட்டும் புள்ளி. சினூக்குக்கு ஈறும் கறுப்பு, வால் முழுக்கப் புள்ளி. பிங்குக்கு வாலில் பெரிய நீள்வட்டப் புள்ளிகள், ஃப்ரேசரில் ஒற்றைப்படை வருசங்களில்தான் கூட்டமா வரும். சம்முக்குப் புள்ளி இல்லை, ஆத்துக்குள்ள வந்ததும் பக்கத்தில் ஊதாக் கோடுகள் விழும். பிறகு முதுகில் வாலுக்கு முன்னால் இருக்கிற குட்டித் துடுப்பைப் பாருங்கோ. அது இல்லாமல் ஆறின தழும்பு இருந்தால் பண்ணையில் வளர்த்து விட்ட கோஹோ. துடுப்பு இருந்தால் காட்டுக் கோஹோ, இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் விடவேண்டியதுதான். அதைத் தண்ணிக்கு வெளியில் தூக்காதேங்கோ. கரையில் மண்ணில் போட்டுப் படம் எடுத்துவிட்டு விட்டால், நீந்திப் போன மாதிரித்தான் தெரியும், தப்பாது. ரப்பர் வலையில் தண்ணிக்குள்ளேயே வைச்சு, குறடால் முள்ளைத் திருப்பி எடுத்துவிடுங்கோ.

வாயில் இல்லாமல் வயிற்றிலோ துடுப்பிலோ முள் ஏறினால், எந்த மீன் எண்டாலும் விடவேணும். தலையை உதறாமல் பாரமாப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு ஓடினால் அநேகமா அப்பிடித்தான் ஏறியிருக்கும். மீன் நெருக்கமா நிற்கிற இடத்தில் பெரிய இழுவையா இழுத்தால் அதுதான் நடக்கும். அதை வேணுமெண்டு செய்தால் குற்றம்.

கொண்டுபோற மீனின் தலையையும் வாலையும் வீடு போகுமட்டும் வெட்டாதேங்கோ. என்ன இனம் எண்டு அதிகாரி பார்க்கக் கூடியதா இருக்கவேணும். விற்கவோ பண்டமாற்றவோ கூடாது, தெரிஞ்ச கடைக்காரர் கேட்டாலும்.

கேள்வி

மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். மீன் மாட்டியதும் நூல் அறுந்துவிடும் என்கிறார்களே? கட்டையில் ஜிக் சிக்கினால் என்ன செய்வது?

பதில்

ரீலின் டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நூலை விடும் பிரேக், அதன் இறுக்கத்தைக் கைக்கணக்கில் வைக்காதீர்கள். பெட்டி நிறுக்கிற தொங்கு தராசை நூலில் மாட்டி இழுங்கள், மூன்றரை பவுண்டில் ரீல் நூல் விட வேண்டும். 12 பவுண்டு லீடருக்கு அது சரி. முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள், காய்ந்த தங்கூசி உராய்ந்து சூடாகி அங்கேயே பலம் போய்விடும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரின் கடைசி ஒரு சாண் நீளத்தை விரலில் உருவிப் பாருங்கள். சொரசொரப்பு பட்டால் வெட்டித் திரும்பக் கட்டுங்கள்.

சிக்கினால் ராடை வளைத்து இழுக்காதீர்கள், ராடு முறியும். முதலில் நூலைத் தளர்த்தி, கீழ்ப்பக்கமாகப் பத்தடி நடந்து வேறு கோணத்தில் சுண்டிப் பாருங்கள். பாதி நேரம் விட்டுவிடும். இல்லையென்றால் ஒரு குச்சியில் பிரெய்டை ஆறேழு சுற்றுச் சுற்றி, திரும்பி நின்று இழுத்து அறுங்கள். கையில் சுற்றினால் பிரெய்டு சதையை அறுத்துவிடும்.

கரையோரச் சேறு வற்றத்தில் வெளியே தெரியும்போது உறுதியாக இருப்பது போலிருக்கும், கால் முழங்கால் வரை போகும். ஏற்றத்தில் பின்னால் உள்ள பள்ளம் முதலில் நிரம்பி, நீங்கள் நிற்கும் திட்டு தீவாகிவிடும். வந்த வழியைப் பார்த்து நில்லுங்கள். மரக்கட்டைத் தெப்பம் இழுக்கும் இழுவைப் படகு போனால் அலை சில நிமிடம் கழித்துத்தான் கரைக்கு வரும், படகு போய்விட்டதே என்று இருந்துவிடக் கூடாது. இடுப்பு வரை வேடர் (தண்ணீரில் இறங்கப் போடும் நீர்புகாக் காலுடை) போட்டால் அதன் பெல்ட்டையும் கட்டுங்கள், மிதவைச் சட்டையும் மேலே இருக்கட்டும்.

அக்கா விட்ட ஒன்று: பிடித்தவுடன் தலையில் ஒரே அடி, பிறகு செவுளை வெட்டி ஐந்து நிமிடம் தண்ணீரில் இரத்தம் வடிய விட்டு ஐஸில் வையுங்கள். இரத்தம் வடியாத சால்மன் குழம்பில் கவுச்சி அடிக்கும். நம் ஊர்ச் சந்தையில் இந்தியன் சால்மன் என்று விற்கிற காலா மீன் வேறு இனம், அதற்கு வைக்கிற கொதியை இதற்கு வைத்தால் உதிர்ந்துவிடும். புளி கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகு துண்டுகளைப் போட்டு, ஆறேழு நிமிடத்தில் அடுப்பை அணையுங்கள்.