புதுப்பிப்பு: டர்ட் பைக்கைச் சாலைக்குக் கொண்டுவருதல் – வயரிங்கில் ஒரு திருத்தம்

ஸ்டேட்டரின் (இன்ஜினுக்குள் மின்சாரம் உண்டாக்கும் காயில் தொகுப்பு) லைட்டிங் வயரை நேராக ரெகுலேட்டர்-ரெக்டிஃபயரில் (ஏசியை டிசியாக்கி வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) கொடுத்தால் போதும் என்று இந்த இழையின் முதல் பதிவில் எழுதியிருந்தேன். அது எல்லா வண்டிக்கும் பொருந்தாது, திருத்திக்கொள்ளுங்கள்.

முதலில் இன்ஜினை நிறுத்தி, ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து லைட்டிங் வயருக்கும் இன்ஜின் பாடிக்கும் இடையே பாருங்கள். 1 ஓம் அளவில் காட்டினால் காயிலின் ஒரு முனை கோரிலேயே (காயில் சுற்றியிருக்கும் இரும்புப் பகுதி) எர்த் ஆகியிருக்கிறது. அப்படியே ஃபுல்-வேவ் (ஏசி அலையின் இரு பாதியையும் பயன்படுத்தும்) ரெக்டிஃபயர் போட்டால் பாதி அலை டயோடு வழியே ஷார்ட் ஆகும். காயில் சூடேறும், பேட்டரி மெல்ல இறங்கும். ஃப்ளைவீலைப் புல்லர் போட்டே கழற்றி, அந்த முனையின் சால்டரை எடுத்து, வெப்பம் தாங்கும் தனி வயராக வெளியே கொண்டுவாருங்கள். சில ஸ்டேட்டரில் இக்னிஷன் காயிலும் அதே புள்ளியில்தான் எர்த் ஆகும். அந்த இக்னிஷன் முனையைத் தொடாதீர்கள், ஸ்பார்க் போய்விடும்.

வேலை முடிந்ததும் இன்ஜினை முறுக்கினால் பேட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும்.

எல்இடி இண்டிகேட்டர் படபடவென்று அடித்தால் ரெசிஸ்டர் வேண்டாம், இருக்கும் கொஞ்ச வாட்டும் அதில் வீணாகும். எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் போடுங்கள். நிமிடத்துக்கு 60–120 முறை மின்னுவதே சரி.

முன் பிரேக் லைட்டுக்கு பான்ஜோ போல்ட் பிரஷர் சுவிட்ச் (பிரேக் ஹோஸை மாட்டும் துளையுள்ள போல்ட்டிலேயே அமைந்த சுவிட்ச்) எளிது. எம்10 (10 மி.மீ. விட்டம்) போல்ட்டில் மரை இடைவெளி 1.0, 1.25 மி.மீ. என இரண்டு வகை உண்டு, அளந்து வாங்குங்கள். செப்பு வாஷர் புதிதாக இருக்கட்டும். மாட்டியபின் பிரேக்கில் காற்றெடுக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன் சேஸிஸ் எண்ணோடு பதிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். சாலைப் பயன்பாட்டுக்குச் சான்று பெறாத மாடலைப் பல இடங்களில் பதிவே செய்யமாட்டார்கள்.