பாடம் பண்ணிய இலை எரியும் விதம்: பார்த்தவர்கள் எழுதுங்கள்

காரைக்குடி (இப்போது ஒன்டாரியோ)

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி விற்பனைக்கு வந்தது. அங்கே உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்தின் உலர்த்தும் அறையில் எனக்கு வேலை. ஊருக்கு வந்தால் பங்காளிகள் கேட்பது ஒன்றுதான்: "சாம்பல் வெள்ளையா விழுந்தா சுத்தமான சரக்கு, கறுப்பா விழுந்தா உரம் தங்கியிருக்குன்னு சொல்றாங்களே, நெசமா?"

அங்கே வளர்ப்பவர்கள் பலரும் இதை நம்புகிறார்கள். அறுவடைக்கு முந்தைய ஒரு வாரம், இரண்டு வாரம் உரத்தை நிறுத்திவிட்டு வெறும் தண்ணீர் மட்டும் விடுவார்கள். இதற்கு ஃப்ளஷிங் என்று பெயர். செடிக்குள் இருக்கும் உப்பெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும் என்பது கணக்கு.

நான் பார்த்தவரை எரிவதைத் தீர்மானிப்பது அறுவடைக்குப் பிறகு நடக்கும் வேலைதான். கஞ்சாச் செடியில் புகைக்கப் பயன்படும் பூவை 15 முதல் 18 டிகிரிக் குளிரில், காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி இருக்கும்படி வைத்து, பத்துப் பதினைந்து நாள் மெதுவாக உலர்த்துகிறோம். பிறகு மூடிய பாத்திரங்களில் போட்டு, அவ்வப்போது திறந்து காற்றாட விட்டு, வாரக்கணக்கில் பாடம் பண்ணுகிறோம். கொஞ்சம் ஈரம் இருக்கும்வரைதான் பூவுக்குள் நொதிகள் வேலை செய்யும். பச்சையமும் சர்க்கரையும் சிதையும். சூடு காட்டி இரண்டே நாளில் காயவைத்தால் அந்த வேலை பாதியில் நின்றுவிடும். பச்சை வாடை போகாது, புகை தொண்டையைக் கீறும். ஈரம் போகாமல் பற்றவைத்தாலோ, சூடு முழுக்கத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகி, எரியாத கரி மிஞ்சும். கறுப்புச் சாம்பல் பெரும்பாலும் இந்தக் கரிதான்.

இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா குற்றம். அதனால் அந்த அனுபவம் யாரும் எழுத வேண்டாம். சுருட்டு, புகையிலை, விறகு எதுவானாலும் சரி. புகை எதுவாக இருந்தாலும் நுரையீரலுக்குக் கேடு என்பது நம் எல்லோருக்கும் தெரியும். எரிவதன் சூட்சுமம் மட்டுமே இங்கே பேச்சு.

தேவகோட்டை

எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்து சம்பாதிக்க, போனவர். 1942-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தபோதும் சுருட்டுப் பழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது. அங்கே நறுவிலி இன மரத்தின் இலையில் சுற்றிய மெல்லிய சுருட்டு உண்டு. இங்கே அது கிடைக்காததால் திருச்சி, திண்டுக்கல் சுருட்டுக்கு மாறினார்.

வாங்கியதும் பற்றவைக்க மாட்டார். தகரப் பெட்டியில் போட்டுப் பட்டாலை அலமாரியில் வைத்துவிடுவார். ஐப்பசி அடைமழையில் சுருட்டு ஊதிப்போய், இழுக்க இழுக்க அணையும். ஒரு சுருட்டுக்குப் பாதித் தீப்பெட்டி தீர்ந்துவிடும். சித்திரை வெயிலில் அதே பெட்டிச் சுருட்டு மேல் இலை வெடித்து, ஒரு பக்கமாகவே மளமளவென்று எரிந்து முடியும். ஒரே கடை, ஒரே கட்டு! காதருகே வைத்து விரலால் மெல்ல உருட்டிப் பார்ப்பார். சத்தம் அதிகமானால் காய்ந்துவிட்டது, சத்தமே இல்லையென்றால் ஈரம். இரண்டுக்கும் நடுவில் இருப்பதைத்தான் எடுப்பார். சாம்பல் எந்த நிறம் என்று அவர் பார்த்ததே இல்லை. தட்டாமலே எவ்வளவு நீளம் நிற்கிறது என்றுதான் பார்ப்பார்.

கானாடுகாத்தான்

கல்யாண வீடுகளில் சமையல் எடுத்துச் செய்கிறோம். கருவேல விறகை வெட்டிய கையோடு கொண்டுவந்து இறக்கினால் அன்றைக்கு எல்லோருக்கும் கண்ணீர்தான். ஆறு மாதம் காய்ந்த கட்டை அடியில் வெளுத்த சாம்பலாக உட்காரும். மரம் அதே மரம். காரைக்குடித் தம்பி சொல்வது எங்களுக்கு அடுப்படியிலேயே தெரிந்த விஷயம்.

சிங்கம்புணரி

வேளாண் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். உலர்த்தலும் பாடமும் சரியாக இருந்தும் எரியாத இலையை நான் பார்த்திருக்கிறேன்.

திண்டுக்கல் பக்கம் வேடசந்தூரில் 1948-இலேயே சுருட்டுப் புகையிலைக்கென்று ஆராய்ச்சி நிலையம் வந்தது. அந்த வட்டாரத்து விவசாயிகளுக்குக் கிணற்றுத் தண்ணீரின் குணம்தான் முதல் கவலை. உப்புத் தண்ணீர் பாய்ச்சினால் குளோரைடு இலையில் ஏறிவிடும். அது 2 சதவீதத்தைத் தாண்டினால் இலை நெருப்பைப் பிடித்து வைக்காது, கங்கு அணைந்துகொண்டே இருக்கும். வாய்ப்புகையிலைக்கு அதனால் நட்டமில்லை, எரிக்கப் போவதில்லையே. சுருட்டுக்குப் போகும் இலை என்றால் விலையே போய்விடும். பொட்டாசியம் இதற்கு நேரெதிர், கங்கு நின்று எரிய உதவும். அதிலும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் போட்டால் அதனோடு குளோரைடும் சேர்ந்து வந்துவிடும்; அதனால் புகையிலைக்குப் பொட்டாசியம் சல்பேட் போடச் சொல்வோம். விலை கூடுதல் என்று முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் இது வயலில் மாதக்கணக்கில் நடக்கிற காரியம். கடைசி வாரத்தில் தண்ணீர் விட்டு இலைக்குள் ஏறியதை எடுத்துவிடலாம் என்று எந்த விவசாயியும் என்னிடம் சொன்னதில்லை.

சாம்பல் வெளுப்பதற்குச் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் காரணம். அவையும் உரத்தில் இருப்பவைதானே? அப்படியிருக்க, வெள்ளைச் சாம்பலை உரமே இல்லாததற்கு அடையாளம் என்று எப்படிச் சொல்வது?

பள்ளத்தூர்

அண்ணே, அப்போ அந்தக் கடைசி வாரத் தண்ணீரால் பயனே இல்லையா? அங்கே யாரும் சோதித்துப் பார்க்கவில்லையா?

காரைக்குடி (இப்போது ஒன்டாரியோ)

பார்த்திருக்கிறார்கள் தம்பி. குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் 2017-இல் வந்த ஓர் ஆய்வேட்டில், ஃப்ளஷ் செய்ததால் பூவில் உள்ள தாதுச் சத்துகள் குறிப்பிடும்படி மாறவில்லை என்று தெரிந்தது. அமெரிக்காவில் ஆர்எக்ஸ் கிரீன் டெக்னாலஜீஸ் என்ற உர நிறுவனம் 0, 7, 10, 14 நாள் என்று நான்கு விதமாக ஃப்ளஷ் செய்து, எது என்று சொல்லாமல் புகைப்பவர்களிடம் கொடுத்தது. சுவையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சொல்லப்போனால் ஃப்ளஷ் செய்யாததன் பக்கமே விருப்பம் கொஞ்சம் சாய்ந்தது.

தண்ணீர் கழுவுவது வேர் பிடித்திருக்கும் மண் போன்ற ஊடகத்தில் தேங்கிய உப்பை. அந்த ஒரு வார உரச்செலவும் மிச்சம். முதலாளிக்கு அது லாபம்தான், அதற்காகச் செய்தால் நான் குறை சொல்ல மாட்டேன். வெள்ளைச் சாம்பலுக்காகச் செய்கிறோம் என்றால், அந்தப் பணத்தை உலர்த்தும் அறையின் ஈரப்பத மானிக்குச் செலவழியுங்கள் என்பேன். சிங்கம்புணரி ஐயா சொன்ன குளோரைடு விஷயத்தை அடுத்த வாரம் எங்கள் உரக்கலவைப் பட்டியலில் பார்க்கப் போகிறேன்.