இசைத்தட்டு அங்கே, ஸ்பீக்கர் இங்கே: கம்பியில்லாமல் இணைத்தவர்களின் அனுபவங்கள்

தொடக்கப் பதிவு

வணக்கம் நண்பர்களே. இசைத்தட்டைச் சுழற்றிப் பாட வைக்கும் டர்ன்டேபிளைப் புளூடூத்திலோ வைஃபையிலோ ஸ்பீக்கருடன் சேர்த்துக் கேட்பவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். என்ன வாங்கினீர்கள் என்பதைவிட, எங்கே சிக்கியது, எப்படிச் சரியானது என்று எழுதுங்கள். புதிதாக வருபவருக்கு அதுதான் பயன்படும்.

என் வீட்டுக் கதையிலிருந்து தொடங்குகிறேன். என்னுடையது புளூடூத் பிறப்பதற்கு முந்தைய கருவி. பின்பக்கம் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ கம்பிகள் இரண்டு, மெல்லிய எர்த் கம்பி ஒன்று, அவ்வளவுதான். ஸ்பீக்கர்கள் இருப்பது எதிர்ச்சுவரில். நடுவே இரண்டு வாசல்கள் இருப்பதால் கம்பி இழுக்க வழியில்லை. அதனால் இடையில் இரண்டு சிறு பெட்டிகள் வைத்தேன். முதலில் போனோ ப்ரீஆம்ப், அதற்குப் பிறகு பாட்டைக் காற்றில் அனுப்பும் புளூடூத் டிரான்ஸ்மிட்டர்.

ப்ரீஆம்ப் எதற்கு என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கும் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜிலிருந்து (ஊசியைத் தாங்கி, அதன் அசைவைச் சிறு காந்தத்தால் மின்சாரமாக்கும் பகுதி) வருவது வெறும் 3 முதல் 5 மில்லிவோல்ட். டிரான்ஸ்மிட்டரின் லைன் உள்ளீட்டுக்கு 300 மில்லிவோல்ட் அளவிலாவது வேண்டும். அதாவது ஏறக்குறைய நூறு மடங்கு பெருக்க வேண்டும். பெருக்கினால் மட்டும் போதாது. தட்டில் பள்ளம் வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளை அடக்கியும் கீச்சு ஒலிகளைத் தூக்கியும்தான் வெட்டுகிறார்கள். 1954 முதல் பொது அளவுகோலாக நிலைத்த ஆர்ஐஏஏ வளைவு இது. கேட்கும் இடத்தில் அதைத் திருப்பிப் போட்டாக வேண்டும்: 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபெல் ஏற்றம், 20,000 ஹெர்ட்ஸில் அதே அளவு இறக்கம். பெருக்குவது, திருப்பிப் போடுவது இரண்டும் ப்ரீஆம்பின் வேலை. அதை விட்டுவிட்டு நேராக டிரான்ஸ்மிட்டரில் செருகினால் பாட்டு தகரத்தில் தட்டுவது போலக் கேட்கும். அதைக் கேட்டுவிட்டு "புளூடூத்தில் பாஸே வராது" என்று முடிவுகட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வயர்லெஸ் டர்ன்டேபிளைப் பற்றி வரும் புகார்களில் பாதிக்கு மேல், ஒலி காற்றில் ஏறுவதற்கு முன்பே நேர்ந்துவிட்ட கோளாறுகள். பழி மட்டும் புளூடூத் மேல் விழுகிறது.

மறுமொழி

நல்ல இழை சார். எங்க வீட்ல பொண்ணுக்காக ஆடியோ-டெக்னிகா ஏடி-எல்பி60எக்ஸ்பிடி வாங்கினோம். ப்ரீஆம்பும் புளூடூத்தும் உள்ளேயே இருக்கு, தனிப் பெட்டி எதுவும் வேண்டாம். சத்தத்துல ஒரு குறையும் இல்ல. பாடு படுத்தினது பேரிங்தான், அதாவது ரெண்டு கருவியையும் முதல் தடவை ஒண்ணோட ஒண்ணு அறிமுகப்படுத்திச் சேர்க்கறது.

டர்ன்டேபிள்ல திரை கிடையாது, பட்டியல் கிடையாது. பக்கத்துல பேரிங் நிலையில எது இருக்கோ அதோட சேர்ந்துக்கும். ஆனா நம்ம ஸ்பீக்கர் என்ன பண்ணும்? ஆன் பண்ணின உடனே ஏற்கெனவே பழக்கமான போனைத் தேடிப் போயிடும். போன் அடுத்த ரூம்ல சார்ஜ்ல கிடந்தாலும் சரி. டர்ன்டேபிள் விளக்கு மினுக்கிக்கிட்டே இருக்கும், ஸ்பீக்கர் போனோட சேர்ந்து கம்முனு உட்கார்ந்திருக்கும்.

வீட்ல இருக்கற எல்லா போன், டேப்லெட்லயும் புளூடூத்தை அணைச்சிட்டு, ஸ்பீக்கரை டர்ன்டேபிளுக்குப் பக்கத்துல கொண்டு வந்து, ரெண்டையும் பேரிங்ல போடுங்க. ஒரு தடவை சேர்ந்துட்டா ரெண்டும் ஞாபகம் வெச்சுக்கும். அப்புறம் தினமும் டர்ன்டேபிளை முதல்ல ஆன் பண்ணி, பிறகு ஸ்பீக்கரை ஆன் பண்றோம். எங்களுக்கு அந்த வரிசைதான் ஒத்து வருது.

இன்னொண்ணும் உண்டு. தம்பி வீட்டு ஸ்பீக்கர்ல ஒவ்வொரு பாட்டுக்கும் முதல் சொட்டு காணாமப் போகும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல இருக்கற அமைதியைப் பார்த்து ஸ்பீக்கர் தானா ஊமையாகி, சத்தம் வந்த பிறகுதான் விழிக்குது. தட்டு தேய்ஞ்சிடுச்சோன்னு பயந்துட்டார் பாவம். வேற ஸ்பீக்கர்ல போட்டா முழுசா வருது.

மறுமொழி

மேலே சகோதரர் சொன்ன பேரிங் தொல்லை ஒருமுறையோடு தீர்ந்துவிடும். தீராத தொல்லை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நண்பர் ஒருவர் வீட்டில் புளூடூத் ஹெட்போனில் கேட்டால், பாடகி குரலை உயர்த்தும் இடங்களிலெல்லாம் கரகரப்பு. ஊசியை மாற்றினார். கார்ட்ரிட்ஜின் கோணத்தைச் சரிபார்த்தார். ஊசி தட்டின் மேல் அழுத்தும் எடையைத் தராசில் நிறுத்துப் பார்த்தார், சரியாக 2 கிராம். ஏடி-விஎம்95இ கார்ட்ரிட்ஜுக்குச் சொல்லப்பட்ட அளவும் அதுவே. ஆனாலும் கரகரப்பு போகவில்லை.

நான் போய்ச் செய்தது ஒன்றுதான். ப்ரீஆம்பிலிருந்து கம்பியை நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகிக் கேட்டோம். சுத்தமாக இருந்தது. ஆக ஊசியில் பிழையில்லை, தட்டில் பிழையில்லை. ப்ரீஆம்பிலிருந்து வரும் சிக்னல், டிரான்ஸ்மிட்டரின் உள்ளீடு தாங்கும் அளவுக்கு மேல் இருந்திருக்கிறது. டிரான்ஸ்மிட்டர் ஒலியை எண்களாக மாற்றும்போது உச்சிகள் வெட்டுப்பட்டுப் போகின்றன. ஒருமுறை வெட்டுப்பட்ட உச்சியைப் பிறகு எந்த ஸ்பீக்கராலும் மீட்க முடியாது. ஹெட்போனில் சத்தத்தைக் குறைத்தாலும் கரகரப்பு குறையாது. அதுதான் இந்த நோயின் அடையாளம். ப்ரீஆம்பின் கெயின் சுவிட்சை, அதாவது எவ்வளவு பெருக்குவது என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்சைக் குறைத்து வைத்தோம், பாட்டு தெளிந்தது.

சோனி பிஎஸ்-எல்எக்ஸ்310பிடி போன்ற சில டர்ன்டேபிள்களில் மூன்று நிலை கெயின் சுவிட்ச் அதிலேயே இருக்கிறது. அதிக நிலைதான் நல்ல நிலை என்று நினைக்க வேண்டாம். தட்டுக்குத் தட்டு வெட்டின் அளவு வேறுபடும். உங்களிடம் உள்ளதிலேயே சத்தமான தட்டைப் போட்டுப் பார்த்து, கரகரப்பு வராத நிலையில் நிறுத்துங்கள்.

அடுத்து கோடெக், அதாவது பாட்டைச் சுருக்கி அனுப்பி மறுபக்கம் விரிக்கும் முறை. எல்லா புளூடூத் ஒலிக்கருவியிலும் கட்டாயம் இருப்பது எஸ்பிசி. அதன் உயர்தர அமைப்பில் நொடிக்கு 328 கிலோபிட் போகும். ஏபிடிஎக்ஸில் 352, ஏபிடிஎக்ஸ் எச்டியில் 576, எல்டிஏசியில் அதிகபட்சம் 990. பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து வாங்குகிறோம், ஆனால் அனுப்பும் பக்கம், வாங்கும் பக்கம் இரண்டிலும் அந்தக் கோடெக் இருந்தால்தான் அது ஓடும். இல்லாவிட்டால் இரண்டும் சத்தமில்லாமல் எஸ்பிசிக்கு இறங்கிவிடும். டிரான்ஸ்மிட்டருக்குச் செலவழிக்கும் முன் உங்கள் ஹெட்போன் என்னென்ன கோடெக் பேசும் என்று பாருங்கள். கோடெக்கை மட்டும் உயர்த்தி எனக்குக் கிடைத்த முன்னேற்றம் சிறிது. கெயினையும் ஊசியையும் சரிசெய்ததில் கிடைத்தது மிகப் பெரிது.

"எண்ணாக மாற்றினால் அப்புறம் எதற்கு இசைத்தட்டு?" என்ற கேள்வி எப்படியும் வரும். 1970களின் இறுதியிலிருந்தே தட்டு வெட்டும் கூடங்கள் பலவற்றில் சிக்னல் டிஜிட்டல் டிலே கருவி (ஒலியை எண்களாக்கிச் சற்றுத் தாமதித்து அனுப்புவது) வழியாகத்தான் போனது. நாம் "முழு அனலாக்" என்று போற்றும் தட்டுகள் சிலவற்றில் எண்கள் எப்போதோ நுழைந்துவிட்டன. தட்டை எடுத்து, துடைத்து, ஒரு பக்கம் முழுக்க உட்கார்ந்து கேட்கிறோமே, அதை புளூடூத் பறித்துவிடவில்லை.

மறுமொழி

நான் பெரும்பாலும் ஹெட்போனில்தான் கேட்கிறேன். குழந்தை தூங்கிய பிறகுதான் எனக்குப் பாட்டு. அதனால் வயர்லெஸ் எனக்கு ஆடம்பரம் இல்லை, அது இல்லாவிட்டால் தட்டு அலமாரியிலேயே கிடக்கும்.

தாமதம் பற்றிப் பயமுறுத்துகிறார்கள். சாதாரண புளூடூத்தில் ஏறக்குறைய 150 முதல் 250 மில்லிநொடி தாமதம் உண்டு. ஊசி தட்டைத் தொடுவதைக் கண்ணால் பார்த்தபின் காதில் "டொக்" கேட்கும், அவ்வளவே. படம் பார்ப்பதற்குத்தான் இது தொல்லை, பாட்டுக்கு இல்லை. ஆனால் அதே அறையில் கம்பியில் ஓடும் ஸ்பீக்கரையும் புளூடூத் ஸ்பீக்கரையும் சேர்த்துப் போட்டால் எதிரொலி போல இரட்டையாகக் கேட்கும். ஒன்றை அணைப்பதைத் தவிர நான் வேறு வழி காணவில்லை.

விட்டுவிட்டு வருகிறது என்பவர்கள் டிரான்ஸ்மிட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் வைஃபையில் ஒரு பகுதியும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில்தான் இருக்கின்றன. நம் உடம்பிலுள்ள நீரும் அந்த அலையை உறிஞ்சும். நான் அலமாரிக்குப் பின்னால் இருந்த டிரான்ஸ்மிட்டரை மேல்தட்டுக்கு மாற்றியதும் அறைக்கு அறை நடந்தாலும் அறுபடவில்லை.

நடப்பதில் ஒரு ஆபத்து உண்டு. ஒரு பக்கம் 20 நிமிடம் சொச்சம்தான் ஓடும். பாட்டு முடிந்தபோது நாம் வேறு அறையில் இருப்போம், ஊசி கடைசிப் பள்ளத்தில் சுற்றிக்கொண்டே கிடக்கும். முதலில் சொன்ன எல்பி60 முழுத் தானியங்கி, கையைத் தானே தூக்கித் திருப்பி வைத்துவிடும். கையால் இயக்கும் கருவி வைத்திருப்பவர்கள், எல்பி120 வகை உட்பட, காதில் அந்தத் தட்தட் ஓசை கேட்டதும் எழுந்து போங்கள். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கிப்போனால் ஊசிதான் தேயும்.

மறுமொழி

எங்கள் வீட்டில் வைஃபை வழி. காரணம் அப்பா. நடமாட்டம் குறைந்து படுக்கையறையிலேயே இருக்கிறார், தட்டுகளெல்லாம் அவர் சேர்த்தவை, டர்ன்டேபிள் கூடத்தில். அவ்வளவு தூரமும் இரண்டு சுவர்களும் தாண்டி புளூடூத் நிலையாக வரவில்லை.

ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி ஒன்றில் யுஎஸ்பி ஒலி அட்டையைச் செருகி, ப்ரீஆம்பிலிருந்து வரும் லைன் சிக்னலை அதில் கொடுத்தேன். டார்க்ஐஸ் என்ற மென்பொருள் அதை எம்பி3 ஓடையாக மாற்றும், ஐஸ்காஸ்ட் என்ற இன்னொரு மென்பொருள் வீட்டுக்குள் ஒலிபரப்பும். அப்பா அறையிலுள்ள ஸ்பீக்கர், அந்த முகவரியை இணைய வானொலி நிலையம் போல எடுத்துப் பாடும். சில நொடிகள் தாமதம் இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டால் அது யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் வேலை வேண்டாம் என்பவர்களுக்கு சோனோஸ் ஃபைவ் போல லைன்-இன் துளை உள்ள வைஃபை ஸ்பீக்கர்கள் உண்டு. ஒன்றில் செருகினால் மற்ற அறைகளிலுள்ள அதே குடும்ப ஸ்பீக்கர்களுக்கும் போகும். செலவு கூடுதல், தலைவலி குறைவு.

இப்போது மாலையானால் அப்பா எந்தத் தட்டு, எந்தப் பக்கம் என்று சொல்லி அனுப்புகிறார். நான் போட்டுவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன். இதற்காகச் செலவான நேரத்தைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை.

ஒரு கேள்வி. கம்பியே இல்லாதபோதும் "உம்ம்" என்று ஒரு முனகல் வருகிறதே, எதனால்?

தொடங்கியவரின் பதில்

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஸ்பீக்கர் பக்கம் கம்பியே இல்லாததால் ஆம்ப்ளிஃபயருக்கும் டர்ன்டேபிளுக்கும் இடையிலான எர்த் சுற்று அறுந்துவிடும். அந்த வகை முனகல் வயர்லெஸ்ஸில் போயே போய்விடும், இது பலருக்குத் தெரியாத லாபம். மிச்சமிருப்பது டர்ன்டேபிளுக்கும் ப்ரீஆம்புக்கும் இடையில். அந்த மெல்லிய எர்த் கம்பி ப்ரீஆம்பின் திருகில் இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். ப்ரீஆம்பை மின் அடாப்டர்களிடமிருந்து தள்ளி வையுங்கள். முனகலாக இல்லாமல் மெல்லிய கீச்சென்று வந்தால், டிரான்ஸ்மிட்டருக்கோ உங்கள் ராஸ்பெர்ரி பைக்கோ மின்சாரம் தரும் சார்ஜரை மாற்றிப் பாருங்கள். டிரான்ஸ்மிட்டரைப் பவர் பேங்கில் ஓட்டினால் சார்ஜர்தான் காரணமா என்பது உடனே தெரிந்துவிடும்.

சத்தத்தைக் கூட்டும்போது மட்டும் ஊளை பெருகினால் அது வேறு சங்கதி. ஸ்பீக்கரின் அதிர்வு ஊசிக்குத் திரும்பி வருகிறது. டர்ன்டேபிள் இருக்கும் மேசையிலேயே புளூடூத் ஸ்பீக்கரை வைப்பவர்களுக்கு இது எளிதில் வரும். எங்கே வேண்டுமானாலும் வைக்கும் வசதிக்காகத்தானே கம்பியை விட்டோம், தள்ளி வையுங்கள்.

மறுமொழி

டிரான்ஸ்மிட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. ஆம்ப்ளிஃபயரில் "புளூடூத்" என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அது வாங்கும் கருவி மட்டுமே, ஹெட்போனுக்கு அனுப்பாது. இரண்டும் செய்யும் சிறு பெட்டிகளில் டிஎக்ஸ் (அனுப்ப), ஆர்எக்ஸ் (வாங்க) என்று ஒரு சுவிட்ச் இருக்கும். டர்ன்டேபிளுக்கு டிஎக்ஸ்.

இரண்டு சிறிய ஸ்பீக்கர்களை இடம், வலம் என்று வைக்க ஆசைப்படுபவர்களும் கவனியுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளுக்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டர், இரண்டுக்கும் முழுப் பாட்டையும்தான் அனுப்பும். பக்கம் பிரித்துத் தராது. பிரிப்பது ஸ்பீக்கர்களின் வேலை. பல ஸ்பீக்கர்களில் முதலில் அவை இரண்டையும் போன் செயலி வழியாக ஸ்டீரியோ ஜோடியாகச் சேர்த்துவிட்டு, போனைத் துண்டித்து, பிறகு டிரான்ஸ்மிட்டரை இணைத்தால் ஜோடி அப்படியே நிற்கும். ஒரே மாடல் ஸ்பீக்கர் இரண்டு இருந்தால்தான் இது நடக்கும், அதனால் இரண்டாவதை வாங்கும் முன் முதலாவதின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள்.